அது உன்பாடு

மதிப்பிற்குரிய அக்கா,

ஸ்தோத்திரம். உங்கள் எழுத்துகளைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். எழுதத் தயங்கிக்கொண்டே இருந்தேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

பத்தொன்பது வயதில் இரட்சிக்கப்பட்டேன். ஞானஸ்நானம் எடுத்தேன். சபையில் வாலிபர் கூட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். அந்த நாட்களில் கூட்டத்தின் பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டேன். திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்துத்தான் எடுத்தேன், முடியவில்லை. கணக்குக் கேட்டபோது என்னோடு பொறுப்பில் இருந்த நண்பன்மேல் சந்தேகம் போனது. நான் வாய் திறக்கவில்லை. அவன் சபையை விட்டே போய்விட்டான். பிற்பாடு அந்தப் பணம் முழுவதையும் பெயர் சொல்லாமல் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து மன்னிப்புக் கேட்காத இரவு கிடையாது. கேட்டு முடித்த கையோடு, கிடைத்ததா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. ஒரு மூப்பரிடம் மட்டும் சொன்னேன். “உண்மையாகவே இரட்சிக்கப்பட்டவன் இப்படிச் செய்ய மாட்டான். உன்னை நீயே சோதித்துப் பார்” என்றார். வேறு சபையைச் சேர்ந்த ஒரு நண்பர், “ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் அது போகவே போகாது, இதையெல்லாம் யோசிக்காதே” என்கிறார். விழுந்துபோனவர்களை மனந்திரும்புதலுக்குத் திரும்பக் கொண்டுவருவது கூடாத காரியம் என்கிற எபிரெயர் 6:4-6 வசனங்களை வாசிக்கும்போது கை நடுங்குகிறது.

இரட்சிப்பை இழக்க முடியுமா? நான் இழந்துவிட்டேனா, இல்லை ஆரம்பத்திலிருந்தே எனக்கு அது இருந்ததில்லையா? மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனா? எந்தச் சபையின் உபதேசம் சரி? என்னையே என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் என்ன செய்ய?

இப்படிக்கு,
ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வரும். பெரும்பாலும் தனியாகப் பதில் போட்டுவிடுவேன். உங்களுக்கு இங்கே எல்லாரும் பார்க்க எழுதுவதற்குக் காரணம் அந்த மூப்பர். கொஞ்ச நாளாகவே மத்தேயு 27-ஆம் அதிகாரத்தின் முதல் சில வசனங்களை விட்டு என்னால் நகர முடியவில்லை. அதற்குள்ளேயே கிடந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதில் அந்த வசனங்களில் வரும் ஆட்கள் அப்படியே நிற்கிறார்கள்.

அங்கே நடப்பதை நிதானமாகப் பாருங்கள். இயேசுவுக்கு மரணத்தீர்ப்பு என்று தெரிந்ததும் யூதாஸ் மனஸ்தாபப்படுகிறான். முப்பது வெள்ளிக்காசையும் எடுத்துக்கொண்டு பிரதான ஆசாரியரிடமும் மூப்பரிடமும் போகிறான். “குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்” என்கிறான். சாக்குப்போக்கு இல்லை, யார்மேலும் பழி இல்லை. செய்ததை அதன் பெயர் சொல்லிச் சொல்கிறான். வேதத்தில் இவ்வளவு நேரான பாவ அறிக்கைகள் அதிகம் கிடையாது.

அவன் யாரிடம் போனான்? பாவம் செய்தேன் என்று ஒருவன் வந்து நின்றால் அவனுக்காகப் பாவநிவிர்த்தி செய்ய வேண்டும் என்று தேவனே நியமித்து வைத்திருந்த ஆட்களிடம். லேவியராகமம் 4, 5 அதிகாரங்கள் முழுக்க அதுதான்: அவன் அறிக்கையிட வேண்டும், பலி கொண்டுவர வேண்டும், ஆசாரியன் அவனுக்காகப் பாவநிவிர்த்தி செய்ய வேண்டும், “அப்பொழுது அவனுக்கு மன்னிக்கப்படும்.” அந்த வேலைக்காகவே உடுத்தி, அபிஷேகம் பெற்று, அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் அவனுக்குச் சொன்ன பதில்: “எங்களுக்கென்ன, அது உன்பாடு.”

அவன் காசை ஆலயத்துக்குள் எறிந்துவிட்டுப் போய் நான்றுகொண்டு செத்தான். அப்புறம் அவர்கள் அந்தக் காசைப் பொறுக்குகிறார்கள். இரத்தக்கிரயமாயிற்றே, காணிக்கைப் பெட்டியில் போடலாகாதே என்று கவலைப்படுகிறார்கள். காசைப் பற்றிய சட்டம் அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைக் கொண்டுவந்த மனுஷனைப் பற்றிய சட்டம் மறந்துபோயிற்று. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

யூதாஸின் முடிவுக்கு அவர்கள் மட்டுமே பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. உங்களை யூதாஸ் என்றும் சொல்லவில்லை, அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். இடையில் ஒன்று: இந்தப் பாரத்தில் உயிரை விட்டுவிடலாமா என்கிற நினைப்பு எப்போதாவது வந்திருந்தால், மீதியை வாசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் கூட இருக்கிற ஒருவரிடம் அதைச் சொல்லுங்கள். மருத்துவரிடமும் போங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

சரி, உங்கள் மூப்பர். எவ்வளவு நாள் தயங்கி, எத்தனை தடவை வாசல் வரை போய்த் திரும்பி, கடைசியில் ஒரு நாள் அவர் முன்னால் வாய் திறந்தீர்களோ. அப்படித் திறந்தவனிடம், நீ இரட்சிக்கப்பட்டவன்தானா என்று சோதித்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார். பேச்சு பக்தியாக இருக்கிறது. உள்ளே இருப்பது அதேதான்: எங்களுக்கென்ன, அது உன்பாடு. முறிந்த காலோடு வந்தவனிடம், ஓடிக் காட்டு பார்க்கலாம் என்று கேட்பது போன்றது இது. “உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள்” என்று பவுல் எழுதியது உண்மை, 2 கொரிந்தியர் 13-இல் இருக்கிறது. ஆனால் அதைப் பவுல் யாருக்கு எழுதினார்? தன்னை எடை போட்டுக்கொண்டிருந்த, தன்னிடம் அத்தாட்சி கேட்ட கொரிந்தியருக்கு. அழுதுகொண்டு வந்து நிற்கிறவன் தலையில் போடுவதற்கு அவர் அதை எழுதவில்லை.

இன்னொரு நண்பரையும் விட மாட்டேன். “யோசிக்காதே” என்று சொல்வதும் கதவைச் சாத்துவதுதான். சத்தமில்லாமல் சாத்துகிறார், அவ்வளவே. உங்கள் கடிதத்தின்படி அவர் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கக்கூட இல்லை. கேளாமலே கொடுத்த சமாதானம் உங்களுக்குள் இறங்கவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இப்போது இதற்கு எதிர்ப்புறம் பாருங்கள். 2 சாமுவேல் 12. தாவீது, உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டவன், உரியாவைக் கொல்ல வைத்தவன், “நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்” என்கிறான். அவ்வளவுதான் வாக்கியம். தீர்க்கதரிசி நாத்தான் மூச்சு விடும் நேரம்கூட எடுக்கவில்லை: “நீ சாகாதபடிக்கு, கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்.” தாவீது அதைத் தன் இருதயத்துக்குள் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. இன்னொரு மனுஷன், அதுவும் சற்று முன்பு “நீயே அந்த மனுஷன்” என்று விரல் நீட்டிய அதே மனுஷன், வாய் திறந்து சொல்ல, அவன் காதால் கேட்டான். அதற்குப் பிறகு விளைவுகள் வந்தன, பயங்கரமாகவே வந்தன. மன்னிப்பு அவற்றுக்கெல்லாம் முன்னாலேயே சொல்லப்பட்டாயிற்று.

பேதுருவுக்கும் அப்படித்தான். மாற்கு 16-இல் கல்லறையில் தூதன் பெண்களிடம் சொல்கிறான்: “அவருடைய சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும்” போய்ச் சொல்லுங்கள். மூன்று தடவை மறுதலித்தவனை அவன் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்கிற செய்தி. அதைச் சுமந்து போகச் சொன்னது பெண்கள் வாயில். பிறகு கடற்கரையில் கர்த்தர் அவனிடம் பேசினாரே, அதுவும் மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிட்டு முடித்த இடத்தில்தான்.

இதைத்தான் நான் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன். மன்னிப்பு வெளியிலிருந்து வர வேண்டும், ஒரு வாயிலிருந்து வர வேண்டும். நமக்குள்ளேயே குனிந்து தேடினால் கிடைக்காது. நீங்கள் ஒவ்வொரு இரவும் செய்வது என்ன? கேட்பவரும் நீங்கள்தான், கிடைத்ததா என்று தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருப்பவரும் நீங்கள்தான். அந்த நீதிமன்றத்தில் உங்களுக்கு விடுதலை கிடைக்கவே போவதில்லை. “நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்” என்று யோவான் எழுதியதை (1 யோவான் 3:20) எத்தனையோ பேர் பயமுறுத்தலாக வாசிக்கிறார்கள். எனக்கு அது மேல் நீதிமன்றம்.

இதைச் சொன்னவுடன், நமக்கும் தேவனுக்கும் நடுவில் மனுஷன் எதற்கு, நாம் என்ன கத்தோலிக்கரா என்று கேட்கும் சகோதரர்கள் உடனே எழுதுவார்கள். அவர்களுக்கு ஒரு ஆளை ஞாபகப்படுத்துகிறேன். 1505-இல் எர்ஃபர்ட் மடத்தில் சேர்ந்து, மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து, தன் ஆலோசகர் ஸ்டௌபிட்ஸையே களைக்க வைத்த மார்ட்டின் லூத்தர், புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கி வைத்தவர். பாவமன்னிப்பை விற்பதற்கு எதிராக 1517-இல் எழுந்தவர் அவர்தான். பாவ அறிக்கையைக் கட்டாயமாக்கியதையும் எதிர்த்தார். ஆனால் 1522 மார்ச்சில் விட்டன்பர்க்கில் தொடர்ச்சியாகப் பிரசங்கித்தபோது, ஒரு சகோதரனிடம் தனியாக அறிக்கையிட்டு அவன் வாயிலிருந்து மன்னிப்பைக் கேட்கிற பாக்கியத்தை உலகத்துப் பொக்கிஷம் எல்லாம் கொடுத்தாலும் விட்டுத்தர மாட்டேன் என்ற கருத்தில் பேசினார். லூத்தரன் சபைகளின் 1530-ஆம் வருஷத்து ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 11-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது: தனிப்பட்ட மன்னிப்பு அறிவிப்பு சபைகளில் தொடர வேண்டும், ஆனால் பாவங்களை ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பாவ அறிக்கைக் கூண்டைத் தூக்கிப் போட்ட நம் ஆட்கள், அதற்குள் இருந்த நல்ல வார்த்தையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். யாக்கோபு 5:16 நம் வேதத்தில்தானே இருக்கிறது, “உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு”? கடைசியாக அதை எந்தச் சபையில் செய்து பார்த்தீர்கள்?

உணர்வு வரும் என்று காத்திருக்காதீர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சாட்சியை எல்லாரும் சொல்வார்கள்: 1738 மே 24, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டம், லூத்தரின் ரோமர் முன்னுரையை யாரோ வாசிக்க, அவர் உள்ளம் விசித்திரமாக அனல்கொண்டது. தன் பாவங்கள் நீக்கப்பட்டன என்ற நிச்சயம் வந்தது. சாட்சி சொல்கிறவர்கள் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதே வெஸ்லி 1739 ஜனவரி 4-ஆம் தேதி தன் நாட்குறிப்பில், நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று எழுதியிருக்கிறார். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு ஊழியம் செய்தார். உள்ளத்தின் அனல் ஏறும், இறங்கும். கர்த்தர் அதற்கேற்ப மனம் மாறிக்கொண்டிருப்பதில்லை.

ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கௌப்பர் கதை இன்னும் கனமானது. இரத்தத்தால் நிறைந்த ஊற்றைப் பற்றி அவர் எழுதிய பாட்டைப் பாடி எத்தனை பேர் நிச்சயம் பெற்றார்கள். எழுதியவரோ 1773-இல் கடும் மனநோயில் விழுந்து, தான் தேவனால் தள்ளப்பட்டவன் என்று நம்பி, 1800-இல் சாகிற வரைக்கும் அந்த எண்ணத்திலிருந்து முழுதாக வெளியே வரவே இல்லை. நண்பர் ஜான் நியூட்டன் அவரைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். நீ இரட்சிக்கப்பட்டவன்தானா என்று சோதிக்கவில்லை, கூட இருந்தார்.

இந்த இடத்தில் என் பெரியப்பாவைச் சொல்ல வேண்டும்.

என் அப்பா இறந்த பிறகு, அம்மாவுக்குச் சேர வேண்டிய ஒன்றை அவர் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். சில வருடம் கழித்து மனது கேட்காமல் திருப்பியும் கொடுத்துவிட்டார். ஆனால் அதிலிருந்து ஆள் மாறிப்போனார். கன்வென்ஷன் கூட்டங்களில் அழைப்பு கொடுக்கும்போதெல்லாம் கை தூக்குவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வெட்கமாக இருக்கும், போன தடவையும் தூக்கினாரே என்று. கண் மங்கத் தொடங்கியதும் சாயங்காலங்களில் என்னை வேதம் வாசிக்கச் சொல்வார். ஒரு நாள் எபிரெயரில் ஐந்தாம் அதிகாரம் முடித்துப் பக்கத்தைத் திருப்பினால், திரும்பவில்லை. இரண்டு தாள்களை ஓரத்தில் கறுப்பு நூலால் சேர்த்துத் தைத்திருந்தார். வேதாகமத் தாள் மெல்லிசு இல்லையா, ஊசி ஏறிய இடங்களில் லேசாகக் கிழிந்து, நூல் தளர்ந்து தொங்கியது. நான் அவரைப் பார்த்தேன். அவர் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, விரலால் தடவி, அடுத்த தாளைத் திருப்பிக் கொடுத்தார். மெல்கிசேதேக்கைப் பற்றிய ஏழாம் அதிகாரத்தை வாசித்தேன்.

உங்களுக்குக் கை நடுங்கும் அதே வசனங்களைத்தான் தைத்து மூடியிருந்தார்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நேராக அவரிடம் போனாள். “அத்தான், கர்த்தர் உங்கள மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. நானும் மன்னிச்சிட்டேன். இன்னும் எத்தன தடவ கை தூக்கப் போறீங்க?” என்றாள். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மா விடவில்லை. “அந்தப் பக்கத்தத் தச்சு வச்சிருக்கீங்களே, நங்கூரமும் அதுக்குள்ளதான அத்தான் இருக்கு?”

அம்மா பெரிய படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. ஆனால் அவள் சொன்னதை எந்த விளக்கவுரையிலும் இவ்வளவு சுருக்கமாக நான் வாசித்ததில்லை. எபிரெயர் 6-இன் 4 முதல் 6 வரை வாசித்துவிட்டு மூடிவிடுகிறோம். 9-ஆம் வசனத்திலேயே குரல் மாறுகிறது: “பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்.” 19-ஆம் வசனத்தில் நம்பிக்கை என்னும் ஆத்தும நங்கூரம் வருகிறது. பயமுறுத்தும் பகுதியைத் தைத்து மூடினால் நங்கூரமும் சேர்ந்து மூடிக்கொள்கிறது. பக்கம் ஒன்றுதான். எழுதியவர் கிறிஸ்துவையே உதறிவிட்டுப் பழைய வழிக்குத் திரும்பிப் போகப் பார்த்தவர்களை எச்சரிக்கிறார். மன்னிப்புக் கேட்டு ராத்திரியெல்லாம் முழித்திருக்கிறவனை எச்சரிக்கவில்லை.

பெரியப்பா தையலைப் பிரிக்கவில்லை. சில மாதம் கழித்து மறுபடியும், “உண்மையாத்தான் சொன்னியாம்மா?” என்று கேட்டார். அம்மா மறுபடியும் சொன்னாள். அதற்குப் பிறகும் கேட்டார், சாகிற வரைக்கும் கேட்டார். ஒரு தடவைகூட அம்மா “அதான் சொல்லியாச்சே” என்று சலித்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை. அந்த வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது, நூலோடு. அவருடைய இரட்சிப்பைப் பற்றி எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. நிச்சயம் இல்லாமலே, நிச்சயமாக இரட்சிக்கப்பட்டவர். 1646-இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, அவ்வளவு கறாரான ஆட்கள் எழுதியது, அதன் 18-ஆம் அதிகாரமே ஒப்புக்கொள்கிறது: உண்மையான விசுவாசிகூட இந்த நிச்சயத்துக்காக நெடுநாள் காத்திருக்கவும் போராடவும் நேரலாம்.

உங்கள் மற்ற கேள்விகளுக்கு வருகிறேன். இரட்சிப்பை இழக்க முடியுமா என்பதற்கு 1610-லிருந்து, முடியலாம் என்ற அர்மீனியஸின் சீடர்களும் முடியாது என்ற கால்வினின் சீடர்களும் சண்டை போட்டு, நெதர்லாந்தின் டோர்ட் நகரில் 1618-19-இல் சங்கம் கூடி கால்வின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். இன்னும் முடிந்தபாடில்லை. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், “ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை” என்ற வசனத்தின் பக்கம். அதற்கு மேல் இன்றைக்கு உங்களுக்கு வேண்டாம். எந்தச் சபை உபதேசம் சரி என்பதும் வேண்டாம், அது நீங்கள் ஒளிந்துகொள்ள ஓர் இடம். மன்னிக்கப்படாத பாவம்: மத்தேயு 12-ஐ எடுத்து, அது யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள். கண்ணெதிரே ஆவியானவர் செய்ததைப் பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்று சொன்னவர்களிடம். அவர்களில் ஒருவனாவது உங்களைப் போலக் கடிதம் எழுதியிருப்பான் என்று நினைக்கிறீர்களா? உங்களையே நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று யார் சொன்னது? அந்த வேலையை யாரும் உங்களுக்குக் கொடுக்கவில்லை. விட்டுவிடுங்கள்.

விழுந்தவனை வெளியே நிறுத்தப் பார்த்தவர்கள் ஆதியிலேயே இருந்தார்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். கி.பி. 250 வாக்கில் ரோமப் பேரரசன் தேசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று உத்தரவு போட்டான். பலியிட்டதற்கு அதிகாரிகள் சான்றிதழ் கொடுத்தார்கள். எகிப்தின் மணலில் அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பயந்து பலியிட்ட கிறிஸ்தவர்கள் உண்டு, காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களும் உண்டு. அந்த உபத்திரவம் அடங்கியதும் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். ரோமில் நொவாத்தியன் என்ற குருவானவர், இவர்களைச் சபை திரும்பச் சேர்க்கக் கூடாது என்றார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் அந்த ஊர் ஆயர் சிப்ரியன் தலைமையில் 251-இல் கூடிய ஆயர்கள், மனந்திரும்பியவர்களுக்குக் கதவு திறந்திருக்கும் என்று முடிவு செய்தார்கள். எளிதாகத் திறக்கவில்லை, சிலரை நெடுங்காலம் காத்திருக்க வைத்தார்கள். ஆனால் அது உன்பாடு என்று சொல்லவில்லை. கிறிஸ்துவையே எழுத்து மூலம் மறுதலித்தவர்களுக்கு வழி இருந்தது தம்பி.

இவ்வளவு நேரம் உங்கள் தோளில் கை போட்டுப் பேசினேன். இனி கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை நீங்களே வாசித்துப் பாருங்கள். உங்கள் இரட்சிப்பு, உங்கள் இரவுகள், உங்கள் நடுக்கம், உங்கள் கேள்விகள். அந்த நண்பனுக்கு எவ்வளவு இடம்? சந்தேகம் போனது, சபையை விட்டுப் போனான். முடிந்தது. அவன் இப்போது எங்கே இருக்கிறான்? கர்த்தரை இன்னும் நம்புகிறானா? திருடன் என்ற பெயரை வீட்டில் எப்படிச் சமாளித்தான்? ஒன்றும் இல்லை. நீங்கள் இரட்சிப்பை இழந்தீர்களோ என்று கவலைப்படும் இதே நேரத்தில், உங்களால் ஒருவன் சபையையே இழந்திருக்கிறான்.

பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டேன் என்கிறீர்கள். சபைக்குச் சேர வேண்டியது சேர்ந்தது, சரி. அந்த நண்பனிடமிருந்து எடுத்ததை எந்தப் பெட்டியில் போட்டீர்கள்? அவனுடைய நல்ல பெயரை எடுத்தீர்களே? பெயர் சொல்லாமல் பணம் போட்டதில் உங்கள் பெயர்தான் காப்பாற்றப்பட்டது, அவனுடைய பெயர் இன்றைக்கும் அதே சேற்றில் கிடக்கிறது. நீங்கள் தினமும் ராத்திரி மன்னிப்புக் கேட்டும் சமாதானம் வராததற்கு, தேவன் மன்னிக்கவில்லை என்று காரணம் தேடுகிறீர்கள். ஒருவேளை அவர் மன்னித்துவிட்டு, எழுந்து அவனிடம் போ என்று சொல்லிக்கொண்டிருக்கிறாரோ என்னவோ. அதைக் கேட்கப் பிடிக்காமல் மறுபடி மறுபடி முழங்கால் போடுகிறீர்கள். முழங்காலில் நிற்கிறவனை யாரும் எங்கேயும் போகச் சொல்ல மாட்டார்கள் என்ற தைரியமா?

மன்னிப்புக்கு விலையாக அவனிடம் போங்கள் என்று நான் சொல்லவில்லை. வரி வசூலிக்கும் சகேயுவின் வீட்டுக்குள் இயேசு முதலில் போனார். நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று சகேயு சொன்னது அதற்குப் பிறகு. அந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆனால் இயேசு உள்ளே வந்த பிறகும் சகேயு பணப்பெட்டியைப் பூட்டியே வைத்திருந்தான் என்று லூக்கா எழுதவில்லை.

ஆகவே முதலில் முதலாவது. மூப்பர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். நான் ஆசாரியன் இல்லை, போதகரும் இல்லை, அம்மா மாதிரி ஒரு விசுவாசி, அவ்வளவுதான். நீங்கள் செய்தது பாவம், சந்தேகமே இல்லை. அந்தப் பாவத்துக்காக இயேசு கிறிஸ்து மரித்தார். அவருடைய வாக்கின்படியே அது உங்களுக்கு மன்னிக்கப்பட்டிருக்கிறது. “என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை” என்றார், உங்களைத் தள்ளவில்லை. சந்தேகம் வந்தால் இதைத் திரும்ப வாசியுங்கள். இன்னும் நல்லது, நேரில் சொல்லக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். வாய் விட்டுச் சொன்னால் முகம் சுளிக்காதவராக, பிறகு ஊருக்குச் சொல்லாதவராக, மன்னிப்பை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவராக. வயதானவர்களில் தேடினால் கிடைப்பார்கள்.

அப்புறம் நண்பனுக்கு எழுதுங்கள். போனில் வேண்டாம், அவனைத் திடீரென்று மடக்கியது போலாகிவிடும். கடிதமாக எழுதுங்கள், அவன் நிதானமாக வாசிக்கட்டும். நான் எடுத்தேன், உன்மேல் பழி விழுந்தபோது நான் பேசாமல் இருந்தேன் என்று முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் இரவுகளைப் பற்றி அதில் எழுதாதீர்கள், அவன் உங்களுக்காக இரக்கப்பட வேண்டிய நிலைக்கு அவனைத் தள்ளாதீர்கள். “மன்னித்துவிட்டேன் என்று சொல்” என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அவனைச் சந்தேகப்பட்டவர்களிடமும், சபைப் பொறுப்பில் இருக்கிறவர்களிடமும் நீங்களே சொல்லப்போவதாக எழுதுங்கள். எழுதினபடி சொல்லவும் செய்யுங்கள், அந்த மூப்பரும் அதில் உண்டு. சட்டப்படியோ வேலையிலோ விளைவு வருமானால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவன் கோபமாகப் பதில் போட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். பதிலே போடாவிட்டால் அவனைத் துரத்தாதீர்கள், அது அவனுடைய உரிமை.

அந்தக் கடிதத்தை அனுப்பிய அன்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அதுவரை உங்கள் பெயரையும் அவன் பெயரையும் சொல்லி ஜெபித்துக்கொண்டிருப்பேன். அவன் பெயரை நீங்கள் எழுதவில்லை, அதையும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா